மூடி வைத்த பின்னும் உறங்காத கணினி

“பற்றறி நிக்குதில்லை.” மடிக்கணினி வைத்திருப்பவர்களின் முறைப்பாடு பெரும்பாலும் இந்த இரண்டு சொல்லோடு முடிந்துவிடும். ஆனால் இதற்குள் குறைந்தது நான்கு வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கலாம். பற்றறி கிழடு தட்டியிருக்கலாம். பற்றறி நன்றாக இருந்தும் கணினி அளவுக்கு மீறிக் கரண்ட் இழுக்கலாம். மூடியை மூடிய பின்னும் கணினி உறங்காமல் இருக்கலாம். உறங்கிய கணினியை ஏதோ ஒன்று நடுச்சாமத்தில் எழுப்பிவிட்டிருக்கலாம். நான்குக்கும் மருந்து வேறு. எது என்று பார்க்காமல் புதுப் பற்றறி வாங்குவதும், “லினக்ஸை எடுத்துவிட்டு விண்டோஸ் போடுங்கோ” என்று சொல்வதும் நோயைப் பாராமல் மருந்து கொடுக்கிற வேலை.

மன்னாரில் இது சிறிய விஷயமில்லை. பெரிய நிறுவனங்களின் சேவை நிலையங்கள் பெரும்பாலும் கொழும்பில் இருக்கின்றன. தீவிலோ, வங்காலையிலோ, சிலாவத்துறையிலோ இருக்கும் ஒரு மாணவி தன் கணினியைப் பார்சல் கட்டி அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க முடியாது. 2022 மார்ச் கடைசியில், எரிபொருள் வாங்க டொலர் இல்லாமலும் நீர்த்தேக்கங்கள் வற்றியும் போனபோது, நாடு முழுவதும் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் தொடுபட்டதோடு தொடங்கிய குழப்பத்தில் நாடு முழுவதும் கரண்ட் போனது. இப்படிப்பட்ட நாட்டில் மடிக்கணினியின் பற்றறி ஒரு வசதி அல்ல. பரீட்சைக்குப் படிப்பவருக்கும் கணக்கு எழுதுபவருக்கும் அதுதான் வேலையே.

மன்னார்த் தீவின் தென்கரையில் நடுக்குடாப் பக்கம் போனால் ‘தம்பபவனி’ காற்றாலைகளைப் பார்க்கலாம். 2020 டிசெம்பரில் திறந்துவைக்கப்பட்டவை. 30 காற்றாலைகள், ஒவ்வொன்றும் 3.45 மெகாவாட், மொத்தம் 103.5 மெகாவாட். சோளகம் வீசும் மாதங்களில் ஒரே ஒரு காற்றாலை முழு வேகத்தில் சுற்றினால், 65 வாட் சார்ஜர்கள் 53,000 ஒரே நேரத்தில் இயங்கப் போதுமான மின்சாரம் வரும். ஆனால் அந்த மின்சாரம் உயரழுத்தக் கம்பிகளில் ஏறித் தேசிய மின்கட்டமைப்புக்குப் போகிறது. கட்டமைப்பு விழுந்தால் காற்றாலைக்குக் கீழே இருக்கும் வீடும் இருளும். அந்தக் காற்றாலைகளைப் பற்றி, அவற்றால் பறவைகளுக்கும் மழைவெள்ளம் வடிவதற்கும் என்ன ஆகிறது என்பது பற்றி, மன்னார் மக்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. 2025 இல் தெருவில் இறங்கியும் சொன்னார்கள். அது தனியாக எழுத வேண்டிய விடயம். இங்கே நமக்குத் தேவையானது, வெளியே என்ன உற்பத்தியானாலும், மடியில் இருக்கும் பற்றறியின் 50 வாட்-மணியை எப்படிக் காப்பாற்றுவது என்பதுதான்.

முறைப்பாட்டை எண்ணாக மாற்றுவது முதல் வேலை. ஒரு சாதாரண மடிக்கணினியின் பற்றறி 50 வாட்-மணி கொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். கணினி 5 வாட் இழுத்தால் அது 10 மணி நேரம் ஓடும். 15 வாட் இழுத்தால் 3 மணி 20 நிமிடம். ஆகவே “எவ்வளவு நேரம் நிற்கிறது?” என்று கேட்பதைவிட “எத்தனை வாட் இழுக்கிறது, எத்தனை வாட்-மணி மிச்சம் இருக்கிறது?” என்று கேட்பதே சரியான கேள்வி. லினக்ஸ் இந்த இரண்டையும் மறைப்பதில்லை. ‘சிஸ்’ என்ற கோப்புறைக்குள் ‘பவர் சப்ளை’ என்ற பிரிவில் பற்றறிக்கென்று ஓர் இடம் இருக்கிறது. தொழிற்சாலையிலிருந்து வந்தபோது அதன் கொள்ளளவு என்ன, இன்றைக்கு முழுதாக நிரப்பினால் எவ்வளவு கொள்ளும், இந்த நொடியில் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு வேகத்தில் இறங்குகிறது என்பவை ஒவ்வொன்றும் தனித்தனிச் சிறு கோப்பு. திறந்தால் உள்ளே ஒரே ஓர் எண். மைக்ரோவாட் கணக்கில் இருக்கும், பத்து லட்சத்தால் வகுத்தால் வாட். சில கணினிகள் வாட் கணக்கில் தராமல் அம்பியர் கணக்கில் தரும், அப்போது வோல்ட்டால் பெருக்கிக்கொள்ள வேண்டும். கோப்புத் தேட அலுப்பாக இருந்தால் ‘யூபவர்’ என்ற கட்டளை எல்லாவற்றையும் ஒரே பட்டியலாகத் தரும். இறங்கும் வேகத்தைப் பார்க்க சார்ஜரைக் கழற்றியிருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

இன்றைய முழுக் கொள்ளளவைத் தொழிற்சாலைக் கொள்ளளவால் வகுங்கள். 50 வாட்-மணிப் பற்றறி இன்று 31 தான் கொள்கிறது என்றால், 62 சதவீதம். லினக்ஸில் என்ன மாற்றினாலும் இழந்த அந்த 19 வாட்-மணி திரும்பி வராது. 90 சதவீதத்துக்கு மேல் இருந்தும் இரண்டு மணி நேரத்தில் இறங்குகிறதென்றால் பற்றறியைக் குற்றம் சொல்லவே முடியாது. இந்த ஒரு வகுத்தலைச் செய்தாலே வீண் செலவு எத்தனையோ மிச்சமாகும்.

பற்றறி கிழடாவதற்கு மன்னாரில் கூடுதல் காரணம் ஒன்று உண்டு: வெப்பம். இலித்தியம் அயன் மின்கலம் 1991 இல் சோனி நிறுவனத்தால் சந்தைக்கு வந்தது. அதற்கு அடிப்படை போட்ட ஜோன் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019 இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த மின்கலத்துக்குள் கிராஃபைட் முனையின் மேல் ஒரு மெல்லிய படலம் உருவாகிறது. அந்தப் படலம் இல்லாமல் மின்கலம் வேலை செய்யாது. ஆனால் அது தடிக்கத் தடிக்க இலித்தியத்தைத் தனக்குள் பூட்டிக்கொள்கிறது. வெப்பம் கூடினால் தடிப்பது வேகமாகிறது. மின்கலம் முழுதாக நிரம்பியே இருந்தால் மறுமுனையில் மின்பகுபொருளும் சிதைகிறது. பற்றறித் துறையில் அடிக்கடி காட்டப்படும் ஓர் அட்டவணை இருக்கிறது. ஒரு மின்கலத்தை 25 பாகை செல்சியஸில், 40 சதவீதம் மட்டும் நிரப்பி ஓர் ஆண்டு வைத்தால் கொள்ளளவில் 96 சதவீதம் மிஞ்சும். அதே வெப்பத்தில் முழுதாக நிரப்பி வைத்தால் 80. 40 பாகையில் முழுதாக நிரப்பி வைத்தால் 65 சதவீதம்தான். மன்னாரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையே 28 பாகை அளவில் இருக்கிறது. தகரக் கூரைக்குக் கீழே, பகல் முழுவதும் சார்ஜரில் செருகியபடி வேலை செய்யும் கணினியின் அடிப்பக்கம் 40 பாகையைத் தாண்டுவது அதிசயமில்லை. அட்டவணையின் கடைசி வரி நமக்காகவே எழுதியது போல இருக்கிறது.

இதற்கு லினக்ஸ் ஒரு நல்ல விடை வைத்திருக்கிறது. திங்க்பேட், ஆசூஸ் போன்ற பல மடிக்கணினிகளில் சார்ஜ் எந்த அளவோடு நிற்க வேண்டும் என்ற எல்லையை லினக்ஸின் கருவான கெர்னலே ஒரு கோப்பாகத் தருகிறது. அதில் 80 என்று எழுதினால் 80 சதவீதத்தில் நின்றுவிடும். கேடிஇ பிளாஸ்மா மேசையில் 2020 முதலும், நோம் மேசையில் 48 ஆம் பதிப்பு வந்த 2025 மார்ச் முதலும் இதற்கு அமைப்புப் பக்கத்திலேயே இடம் இருக்கிறது. இதில் என் கருத்து இது: கரண்ட் ஒழுங்காக வரும் காலத்தில் 80 இல் நிறுத்துங்கள். மின்வெட்டு அட்டவணை பத்திரிகையில் வரத் தொடங்கினால் 100 க்கு மாற்றிவிடுங்கள். பற்றறியின் ஆயுளைக் காப்பதற்காக, இருட்டில் வேலை நின்றுபோகக் கூடாது.

அடுத்தது, அளவுக்கு மீறி இழுப்பது. கணினி சும்மா இருக்கும்போது உண்மையில் சும்மா இருக்கிறதா என்பதே இங்கே கேள்வி. பழைய லினக்ஸ் கெர்னல் நொடிக்கு 250 தடவையோ 1000 தடவையோ செயலியைத் தட்டி எழுப்பிக்கொண்டே இருந்தது, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும். 2007 இல் வந்த 2.6.21 பதிப்புதான் வேலை இல்லாதபோது அந்தத் துடிப்பை நிறுத்தியது. அதே ஆண்டு இன்டெல் நிறுவனத்தில் ஆர்யன் வான் டி வென் முதலியோர் ‘பவர்டாப்’ என்ற கருவியை வெளியிட்டார்கள். செயலியை நொடிக்கு எத்தனை தடவை யார் யார் எழுப்புகிறார்கள் என்று அது பெயர் சொல்லிப் பட்டியலிட்டது. மின்சாரம் எங்கே போகிறதென்று யாருக்கும் தெரியாமலிருந்த இடத்தில் திடீரென்று வெளிச்சம் வந்தது. தேவையில்லாமல் துடித்துக்கொண்டிருந்த எத்தனையோ நிரல்கள் அடுத்தடுத்த மாதங்களில் திருத்தப்பட்டன.  மூல நிரல் திறந்திருந்ததால் யாரும் பார்க்க முடிந்தது, யாரும் கேள்வி கேட்க முடிந்தது.

பவர்டாப்பை இன்றும் ஓடவிடலாம். அதில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது செயலியின் உறக்க ஆழம். செயலிக்குப் பல படி உறக்கம் உண்டு. முதற்படியில் கடிகாரத் துடிப்பு மட்டும் நிற்கும், ஆழம் போகப்போக உள் நினைவகமும் மின்னழுத்தமும் அணைக்கப்படும். ஆனால் கடைசிப் படிக்குப் போக, இணைந்திருக்கும் எல்லாச் சாதனங்களும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரு வீட்டில் ஒரு பிள்ளை படித்துக்கொண்டிருந்தாலும் விளக்கை அணைக்க முடியாததைப் போல, வைஃபை அட்டையோ வட்டோ கேமராவோ ஒன்று விழித்திருந்தால் முழுச் செயலியும் மேல்படியிலேயே நின்றுவிடும். தனி கிராஃபிக்ஸ் அட்டை உள்ள கணினிகளில் முதல் சந்தேகம் அதன் மேல்தான் போக வேண்டும். பயன்படுத்தாத நேரத்திலும் அது உறங்காமல் சில வாட்டுகளைத் தின்னும். அதன் ‘ரன்டைம் ஸ்டேட்டஸ்’ கோப்பில் ‘சஸ்பெண்டட்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். காணொளி பார்க்கும்போது மட்டும் கணினி கொதித்தால் காரணம் வேறு: காணொளியைப் பிரிக்கும் வேலையை அதற்கென்றே உள்ள வன்பொருள் செய்யாமல் செயலி செய்துகொண்டிருக்கிறது. உலாவியின் அமைப்பில் திருத்தலாம்.

மின்சாரத்தைக் காப்பதற்கென்று ஒரே கணினியில் இரண்டு மூன்று கருவிகளைப் போட்டுவைப்பவர்களும் உண்டு. ‘டிஎல்பி’யும் நல்லது, ‘பவர் புரொஃபைல்ஸ் டீமன்’ என்பதும் நல்லது. இரண்டும் சேர்ந்து ஓடினால் ஒன்று வைத்ததை மற்றது மாற்றும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிடுங்கள்.

இனி உறக்கம். நேரம் அதிகம் செலவிட வேண்டிய இடம் இதுதான். ஏன் லினக்ஸில் மட்டும் இந்தத் தொல்லை என்று கேட்பவர்கள் கொஞ்சம் வரலாறு தெரிந்துகொள்ள வேண்டும். 1992 இல் இன்டெலும் மைக்ரோசொஃப்டும் ‘ஏபிஎம்’ என்ற முறையைக் கொண்டுவந்தன. அதில் உறங்குவதும் எழுவதும், தாய்ப்பலகையில் பதிந்திருக்கும் மென்பொருளான பயோஸின் பொறுப்பு. 1996 டிசெம்பரில் இன்டெல், மைக்ரோசொஃப்ட், தொஷிபா மூன்றும் சேர்ந்து ‘ஏசிபிஐ’ என்ற புதிய வரையறையை வெளியிட்டன. அதன்படி பொறுப்பு இயங்குதளத்தின் கைக்கு வந்தது. ஆனால் எந்தக் கருவியை எப்படி உறங்கவைப்பது என்ற குறிப்பை மடிக்கணினி நிறுவனம் பயோஸ் போன்ற தன் ஃபர்ம்வேருக்குள் ஒரு சிறு நிரலாக எழுதிவைக்கும். இயங்குதளம் அதை வாசித்து நடக்க வேண்டும். நிறுவனங்கள் அந்த நிரலைப் பெரும்பாலும் விண்டோஸில் மட்டுமே சோதித்துப் பார்த்தன. அதில் பிழை இருந்தும் விண்டோஸில் வேலை செய்தால் பிழை என்று யாருக்கும் தெரியவே தெரியாது. லினக்ஸ் போட்டபோதுதான் அது வெளியே வரும், பழி லினக்ஸின் தலையில் விழும்.

அந்த நிரல் சில நேரம் “நீ எந்த இயங்குதளம்?” என்றும் கேட்கும். விண்டோஸின் இந்தப் பதிப்பா என்று கேட்டால் லினக்ஸ் “ஆம்” என்கிறது. லினக்ஸா என்று கேட்டால் “இல்லை” என்கிறது. இது ஏமாற்று அல்ல. லினக்ஸுக்கென்று நிறுவனங்கள் எழுதிவைத்த வழிகள் சோதிக்கப்படாமல் கோளாறு கொடுத்ததால், சோதித்துப் பார்க்கப்பட்ட விண்டோஸ் வழியிலேயே போவது பாதுகாப்பு என்று கெர்னல் எழுதுபவர்கள் முடிவெடுத்தார்கள்.

விண்டோஸில் மட்டும் சோதித்ததன் விளைவை நேராகக் காட்டும் நிகழ்வு ஒன்று உண்டு. 2011 மார்ச்சில் 2.6.38 கெர்னல் வந்தது. அதற்குப் பிறகு பல மடிக்கணினிகளில் பற்றறி வழக்கத்தைவிட வேகமாக இறங்கத் தொடங்கியது. ஃபொரோனிக்ஸ் இதழை நடத்தும் மைக்கேல் லாராபெல் மின்மானியை வைத்துப் பதிப்பு பதிப்பாக அளந்து, எந்த மாற்றத்தோடு இழுவை கூடியதென்று கண்டுபிடித்தார். செயலிக்கும் சாதனங்களுக்கும் இடையிலுள்ள பிசிஐ இணைப்புகள் சும்மா இருக்கும்போது உறங்கும் வசதி ஒன்று உண்டு, ஏஎஸ்பிஎம் என்பார்கள். பல கணினிகளின் ஃபர்ம்வேர் “இந்த வசதி இங்கே இல்லை” என்று தன் ஏசிபிஐ அட்டவணையில் எழுதிவிட்டு, அதே நேரம் தானே அதை இயக்கியும் வைத்திருந்தது. புதிய கெர்னல் அட்டவணையை நம்பி, இயங்கிக்கொண்டிருந்ததையும் அணைத்துவிட்டது. வரையறையை வாசித்தால் கெர்னல் செய்தது சரி போலத்தான் தோன்றும். ரெட் ஹட் நிறுவனத்தில் இருந்த மத்தியூ காரெட், அந்த அட்டவணைக் குறிப்புக்கு விண்டோஸ் என்ன பொருள் கொள்கிறது என்று ஆராய்ந்து பார்த்தார். விண்டோஸ் அந்த இடத்தைத் தொடுவதே இல்லை, ஃபர்ம்வேர் வைத்தபடியே விட்டுவிடுகிறது என்ற முடிவுக்கு வந்தார். அவர் எழுதிய சிறு திருத்தம் 2012 மார்ச்சில் வந்த 3.3 கெர்னலில் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. இதில் என்னைக் கவர்வது திருத்தத்தின் அளவு அல்ல. அளந்தவர் ஒருவர், திருத்தியவர் இன்னொருவர், இருவருக்கும் இடையில் அனுமதி கேட்கவேண்டிய நிறுவனம் எதுவும் இல்லை.

இன்றைய உறக்கத் தொல்லை வேறு விதமானது. முன்பு மூடியை மூடினால் கணினி ‘எஸ்3’ என்ற நிலைக்குப் போகும். நினைவகத்துக்கு மட்டும் கரண்ட் போகும், மற்றதெல்லாம் அணையும். விண்டோஸ் 8 காலத்திலிருந்து, கைபேசியைப் போல உறக்கத்திலும் இணையத்தோடு தொடர்பில் இருக்கும் புதிய முறை பரவியது. 2020 க்குப் பிறகு வந்த பல மடிக்கணினிகளின் ஃபர்ம்வேரில் எஸ்3 நிலையே எடுக்கப்பட்டுவிட்டது. இந்தப் புதிய முறையில் செயலி அணைவதில்லை, மிக ஆழமான சும்மா நிலைக்குப் போகிறது. போனால் நல்லது. ஏதாவது ஒரு சாதனம் விடாவிட்டால் போகாது, ஆனால் திரை கறுத்திருக்கும், விசிறி நின்றிருக்கும். உறங்கிவிட்டது என்றே நினைப்போம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். உறக்கத்தில் 0.3 வாட் இழுக்கும் கணினி இரவு எட்டு மணி நேரத்தில் 2.4 வாட்-மணி செலவழிக்கும், 50 இல் ஏறக்குறைய ஐந்து சதவீதம். உறங்குவதுபோல் கிடந்து 3 வாட் இழுக்கும் கணினி அதே இரவில் 24 வாட்-மணி, ஏறக்குறையப் பாதிப் பற்றறியைத் தீர்த்துவிடும். இரவு மூடும்போது ஓர் எண், காலையில் திறக்கும்போது ஓர் எண். கழித்து மணிக்கணக்கால் வகுத்தால் உங்கள் கணினி எந்த வகை என்று தெரிந்துவிடும்.

எந்த முறை இருக்கிறதென்று அறிய ‘சிஸ்’ கோப்புறையில் ‘பவர்’ பிரிவில் ‘மெம் ஸ்லீப்’ என்ற கோப்பைத் திறங்கள். ‘டீப்’ என்ற சொல் இருந்தால் பழைய எஸ்3 கிடைக்கிறது. ‘எஸ்2ஐடில்’ மட்டும் இருந்தால் புதிய முறைதான். இரண்டும் இருந்தால் எது சதுர அடைப்புக்குள் இருக்கிறதோ அதுவே நடப்பிலுள்ளது. டீப் கிடைத்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். சில கணினிகளில் பயோஸ் அமைப்புக்குள் உறக்க முறையை ‘லினக்ஸ்’ என்று மாற்றும் தெரிவும் உண்டு. புதிய முறை மட்டும் என்றால், இன்டெல் செயலிகளில் ஆழ்ந்த உறக்கத்தில் கழித்த நேரத்தைக் கெர்னல் எண்ணிவைக்கிறது. உறங்கி எழுந்த பிறகும் அந்த எண் பூச்சியமாகவே இருந்தால் கணினி ஒரு கணமும் உறங்கவில்லை. ஏஎம்டி செயலிகளுக்கு அந்த நிறுவனத்தின் பொறியாளர்களே ஒரு பைத்தன் நிரல் எழுதித் தந்திருக்கிறார்கள். எந்தச் சாதனம் தடுத்தது என்பதை அது வாக்கியமாகவே சொல்லும்.

உறங்கப் போன கணினி எழவே இல்லை என்றால்? கறுத்த திரையில் படிக்க ஒன்றும் இல்லை, பதிவேடு எழுதும் வட்டும் அணைந்துவிட்டது. இதற்குக் கெர்னலில் இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, உறக்கத்தைப் படிப்படியாக ஒத்திகை பார்ப்பது. ‘பிஎம் டெஸ்ட்’ என்ற கோப்பில் ஐந்து நிலைகளில் ஒன்றை எழுதலாம். முதல் நிலையில் நிரல்களை மட்டும் உறையவைத்து, ஐந்து நொடியில் திரும்பி வரும். அடுத்ததில் சாதனங்களும், அதற்கடுத்ததில் ஃபர்ம்வேரும் சேரும். கடைசியில் முழு ஒத்திகை. எந்தப் படியில் சிக்குகிறதோ அங்கேதான் கோளாறு. இரண்டாவது வழி இன்னும் அழகானது. எல்லாம் அணைந்த பிறகும் ஒரு கணினியில் உயிரோடு இருக்கும் ஒரே நினைவு, தாய்ப்பலகையில் சிறு பற்றறியோடு ஓடும் கடிகாரம். கெர்னல் ஒவ்வொரு சாதனத்தைத் தொடும்போதும் அந்தச் சாதனத்தின் அடையாளத்தை ஓர் எண்ணாகச் சுருக்கி, அந்தக் கடிகாரத்தின் திகதியாக எழுதிவைக்கும். கணினி சிக்கியதும், மூன்று நிமிடத்துக்குள் அதை மறுபடி இயக்க வேண்டும். கடிகாரம் ஓடிக்கொண்டே இருப்பதால் தாமதித்தால் எண் மாறிவிடும். எழுந்த கெர்னல் அந்தப் பொருந்தாத திகதியை வாசித்துக் கடைசியாகத் தொட்ட சாதனம் எதுவென்று சொல்லும். திகதி குழம்பிப்போகும், பிறகு திருத்திக்கொள்ளலாம். எழுதிவைக்க வேறு இடமே இல்லாத நிலையில் கடிகாரத்தையே ஏடாக்கியவரின் புத்தியை நான் வியக்காமல் இருந்ததில்லை.

உறங்கியது, ஆனால் பைக்குள் கிடந்து தானாக எழுந்து கொதித்தது என்றால், எழுப்பும் உரிமை யாருக்கெல்லாம் இருக்கிறதென்று பாருங்கள். ‘புரொக்’ கோப்புறையில் ‘ஏசிபிஐ’ பிரிவில் ‘வேக்கப்’ பட்டியல் இருக்கிறது. யூஎஸ்பி சுட்டியின் சிறு அசைவே போதும், மன்னாரிலிருந்து மதவாச்சி போகும் பஸ்சில் கணினி விழித்துக்கொள்ள. தேவையில்லாத பெயர்களை அணைத்துவிடலாம்.

மென்பொருளில் எவ்வளவு தேடியும் கிடைக்காத கோளாறுகள் கடற்கரையில் உண்டு. உப்புக் காற்றும் பொடி மணலும் விசிறி வழியாக உள்ளே போய் வெப்பத் தகடுகளை அடைக்கின்றன. சூடேறிய சிலிக்கன் சில்லு, அதே வேலைக்கு அதிக மின்சாரத்தைக் கசியவிடுகிறது. ஆகவே தூசு வெறும் அழுக்கு அல்ல, அது வாட் கணக்கிலும் வரும். அணைத்து, பற்றறியின் இணைப்பைக் கழற்றி, விசிறி சுழலாதபடி பிடித்துக்கொண்டு ஊதித் துப்பரவு செய்ய வேண்டும். இன்னொன்று: சார்ஜரில் செருகியபோது மட்டும் தொடுபலகையில் சுட்டி துள்ளுகிறதென்றால், உலோக உடலைத் தொட்டால் மெல்லக் கூசுகிறதென்றால், குற்றம் லினக்ஸின் மேல் இல்லை. பிளக்கில் எர்த் இல்லை. பழைய இரண்டு துளைப் பிளக்குகளும் மல்டிபிளக்கும் உள்ள வீடுகளில் இது சாதாரணம். எர்த் உள்ள பிளக்கில் செருகிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

சூரியத் தகடும் 12 வோல்ட் பற்றறியும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த 12 வோல்ட்டை இன்வேட்டரில் 230 ஆக்கி, பிறகு சார்ஜரில் மறுபடி 20 ஆக்குவதில் இரண்டு தடவை இழக்கிறோம். உங்கள் மடிக்கணினி யூஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஏற்றுமென்றால், வாகனங்களுக்கான 65 வாட் சார்ஜரை அந்தப் பற்றறியில் நேராகப் பொருத்தலாம், 20 வோல்ட் தரக்கூடியதா என்று பார்த்து வாங்குங்கள். தொண்ணூறுகளில் கரண்டே இல்லாத ஆண்டுகளில், வடக்கில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டார்கள். ஒவ்வொரு வாட்டும் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று அந்தத் தலைமுறைக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஃபர்ம்வேரின் பிழைகளுக்கு மருந்து பல நேரம் நிறுவனம் வெளியிடும் புதுப்பிப்பில் இருக்கும். ‘எஃப்டபிள்யூஅப்டி’ என்ற கருவி பல மடிக்கணினிகளுக்கு அதை லினக்ஸிலிருந்தே இறக்கித் தருகிறது. பற்றறியை நிரப்பி, சார்ஜரையும் செருகிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். பாதியில் கரண்ட் போனால் கணினி எழும்பாமலே போகலாம்.

இவ்வளவும் செய்து பார்த்தும் சரிவராவிட்டால் அறிக்கை எழுதுங்கள். போன மாதம் வரை நன்றாக இருந்து, கெர்னல் புதுப்பித்த பிறகு கெட்டதென்றால், பழைய கெர்னலில் தொடக்கிப் பாருங்கள், பட்டியலில் அது இன்னும் இருக்கும். ஒரு பதிப்புக்கும் அடுத்ததுக்கும் இடையில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மாற்றங்கள் நடக்கின்றன. ஆனாலும் பாதி பாதியாகப் பிரித்துச் சோதித்தால் பதினான்கு சோதனைகளில் குற்றவாளி மாற்றத்தை எட்டிவிடலாம். அதைச் செய்ய நேரமில்லாவிட்டாலும், கணினியின் மாதிரி, ஃபர்ம்வேர் பதிப்பு, கடைசியாக ஒழுங்காக வேலை செய்த கெர்னலின் எண், உறங்கும் முன்னும் எழுந்த பின்னும் பற்றறியின் எண், இந்த நான்கையும் உங்கள் லினக்ஸ் பதிப்பின் வழுப் பதிவேட்டில் போடுங்கள். ஆங்கிலம் தடுமாறினாலும் எண்கள் தடுமாறாது. 40 பாகை வெப்பத்திலும் உப்புக் காற்றிலும் ஒரு மடிக்கணினி எப்படி நடந்துகொள்கிறது என்பது, குளிரூட்டிய அறையில் கெர்னல் எழுதுபவருக்குத் தெரிய வேறு வழியில்லை. பேசாலையிலிருந்தும் எருக்கலம்பிட்டியிலிருந்தும் அந்த எண்கள் போக வேண்டும்.